உறவுக்குள் கணக்கு

1

ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னம் என்றாலே பெரும்பாலும் ஒரு வட்டம்தான். அதை நாலாக வெட்டி, ஒரு துண்டுக்கு மட்டும் கலர் அடித்திருப்பார்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது பீட்சா, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு தோசை. நாலு நண்பர்கள் ஒரு கேக்கைச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு எவ்வளவு என்று கேள்வி இருக்கும். நாலு பேர் என்பதைப் புத்தகமே சொல்லிவிடும். ஏன் நாலு பேர், வாசலில் நிற்கிற அஞ்சாவது ஆள் யார் என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘ஏல, குடுத்த கணக்கைப் போடு’ என்போம்.

திருவேங்கடத்தில் சாயங்கால நேரத்தில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே இருக்கும் கரிசல் ஊர். மழையை நம்பிய மானாவாரிக் காடு, தீப்பெட்டி ஆபீஸ், இப்போது தாலுகா ஆபீஸும் உண்டு. இங்கே பின்னம் வட்டமாக வருவதில்லை. காடாக, கிணறாக, வீட்டு மனையாக வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அம்மாக்களில் யாராவது ஒருவர் எப்போதாவது ஒரு பட்டா நகலை நீட்டி, ‘இதுல எங்க பங்கு எம்புட்டு வரும்னு பாத்துச் சொல்லுங்க சார்’ என்று கேட்பதுண்டு. கேட்டுவிட்டு உடனே குரலைத் தணித்து இன்னொன்றும் சொல்வார்கள்: ‘கேட்டேன்னு வெளிய சொல்லிராதீக. சொந்தத்துக்குள்ள கணக்கு பாக்கான்னு பேராயிரும்.’

தமிழில் ‘கணக்குப் பார்க்கிறவன்’ என்பது வசவு. கஞ்சன், ஒட்டாதவன், பாசமில்லாதவன் என்று அதற்கு அர்த்தம். எந்தக் கணக்கை நாம் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் அடித்துச் சொல்லிக்கொடுக்கிறோமோ, அதே கணக்கை வீட்டுக்குள் போட்டால் அது ஒழுக்கக்குறைவாக ஆகிவிடுகிறது. இது சரியா? உறவுக்குள் கணக்குப் பார்க்கலாமா கூடாதா? பெரிய தத்துவ நூல் எதுவும் இல்லாமல், ஆறாம் ஏழாம் வகுப்புக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

பிள்ளைகள் பின்னத்தில் தவறாமல் செய்கிற ஒரு தப்பு உண்டு. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ‘அரை இட்லி தின்ன பெறகு இன்னும் கொஞ்சம் தின்னா, மொத்தம் அரையவிடக் கொறஞ்சு போகுமால?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். 2/5 அரையைவிடச் சிறியது. அப்புறம்தான் விஷயத்துக்கு வருவோம். மேலே இருப்பது தொகுதி, எத்தனை துண்டு எடுத்தோம் என்று சொல்கிறது. கீழே இருப்பது பகுதி, எத்தனையாக வெட்டினோம் என்று சொல்கிறது. தொகுதி ஓர் எண்ணிக்கை. பகுதி ஒரு முடிவு. யாரோ கத்தியை எடுத்து இத்தனை துண்டு என்று தீர்மானித்த பிறகுதான் அந்த எண் அங்கே வந்து உட்கார்கிறது.

நம்முடைய சொல் ஒன்றே இதற்குச் சாட்சி. பங்காளி. பங்குக்கு உரியவன் என்று பொருள். அண்ணன் தம்பி பங்காளி, சித்தப்பா பெரியப்பா மக்கள் பங்காளி. கூடப்பிறந்த அக்கா தங்கச்சியை யாரும் பங்காளி என்று சொல்வதில்லை. அவள் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீடு நமக்குச் சம்பந்தக்காரர் வீடு. சொத்துச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மொழி பகுதியில் யார் யார் என்று எழுதி முடித்துவிட்டது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. ஓர் இந்துக் குடும்பத்தில் பரம்பரையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்து 2 ஏக்கர் 40 சென்ட். அதாவது 240 சென்ட். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் முதலில் வந்த வடிவில் இதை எப்படிப் பிரித்தது? முதலில், அப்பா சாவதற்கு ஒரு நொடி முன்னால் பாகம் பிரித்ததாக ஒரு கற்பனை. அந்தக் கற்பனையில் பங்காளிகள் மூன்று பேர்: அப்பா, இரண்டு மகன்கள். ஆளுக்கு 1/3. பிறகு அப்பாவின் 1/3ஐ அம்மா, மகன்கள், மகள் என்று நாலு பேருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். 1/3ஐ நாலால் வகுத்தால் 1/12. ஆக மகளுக்கு 1/12, அம்மாவுக்கு 1/12. மகனுக்கு 1/3 + 1/12. மீச்சிறு பொது மடங்கு 12, எனவே 4/12 + 1/12 = 5/12. சென்ட்டில் சொன்னால் ஒவ்வொரு மகனுக்கும் 100, மகளுக்கு 20, அம்மாவுக்கு 20. கூட்டிப் பாருங்கள், 240 சரியாக வரும்.

அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கணக்கு சரியாக வருகிறது. எங்கேயும் தப்பில்லை. ஐந்து பங்கு ஒருவனுக்கு, ஒரு பங்கு அவனோடு பிறந்தவளுக்கு என்று வந்த பிறகும் விடைத்தாளில் முழு மார்க் போடலாம். அநியாயம் கூட்டலிலும் வகுத்தலிலும் இல்லை, முதல் வரியில் ‘மூன்று பேர்’ என்று எழுதியதில் இருக்கிறது.

தமிழ்நாடு 1989இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து மகளையும் பிறப்பிலேயே பங்குள்ளவள் ஆக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் முடிந்த பெண்களுக்கு அது இல்லை. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கல்யாணக் கணக்கையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வக்கீல்களைக் கேட்டால் இன்னும் பத்து ‘ஆனால்’ சொல்வார்கள். நமக்கு வேண்டியது முதல் வரி மட்டும். அது இப்போது ‘நாலு பேர்’: அப்பா, இரண்டு மகன்கள், மகள். ஆளுக்கு 1/4. அப்பாவின் 1/4ஐ மறுபடி நாலு பேருக்குப் பிரித்தால் 1/16. மகளுக்கு 1/4 + 1/16 = 5/16. மகன்களுக்கும் அதே 5/16. சென்ட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் தலா 75.

மீதி? 15 சென்ட். அது அம்மாவுக்கு. பழைய கணக்கில் அம்மாவுக்கு 20 வந்தது, இப்போது 15. மகளுக்கு நியாயம் செய்தபோது அம்மாவின் பங்கு காலாக்கால் குறைந்திருக்கிறது. அப்பாவோடு சேர்ந்து அந்தக் காட்டில் களை வெட்டியவள், பருத்தி எடுத்தவள் அவள். ஆனால் நம் பக்கத்து வழக்கப்படி அந்தக் கற்பனைப் பாகத்தில் மனைவிக்கு இடம் இல்லை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பகுதியில் ஓர் ஆளைக் கூட்டும்போது, பகுதிக்கு வெளியே நிற்கிற இன்னொரு ஆளுக்கு என்ன ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் இது கண்ணுக்குப் படாது.

3

அடுத்தது மீதி. முழு எண்ணில் மீதி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பின்னத்திலும் தசமத்திலும் மீதி எங்கேயோ ஒளிந்துகொள்ளும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பெயர், ஒரு குறி. நெல்லை அளக்க, நிலத்தை அளக்க, கூலியும் வரியும் போட இது போதுமானதாக இருந்தது. ஆனால் இந்த வரிசையில் ஒரு விசித்திரம் உண்டு. மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் இல்லை. 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டும் பெருக்கி வந்த எண், மூன்று அதை மீதியில்லாமல் வகுக்காது. ஒரு முழு நிலத்தை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி. காலும் மாகாணியும் காணியும் அரைக்காணியும் சேர்ந்தால் அது வரும். 318 போக 2 முந்திரி, அதாவது ஓர் அரைக்காணி, யாருக்கும் இல்லாமல் நிற்கும்.

தசமம் வந்து இதைத் தீர்த்துவிட்டதா? பத்தும் இரண்டையும் ஐந்தையும் பெருக்கி வந்த எண்தான். 1/3ஐ எழுதப்போனால் 0.333 என்று முடிவில்லாமல் ஓடும். ஓர் ஏக்கரை மூன்றாக்கி ஆளுக்கு 33 சென்ட் என்று எழுதினால் ஒரு சென்ட் மிச்சம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, சின்னதாக ஒரு வீடே கட்டலாம். 33.33 என்று எழுதினால் மிச்சம் 0.01 சென்ட், சுமார் நாலே கால் சதுர அடி. ஒரு வேப்பங்கன்று நட இடம். மிச்சத்தைச் சிறிதாக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. முந்திரியில் கணக்குப் போட்டவர்களும் கால்குலேட்டரில் போடுகிறவர்களும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறார்கள்.

அந்த மிச்சம் யாருக்கு? கணிதம் இதற்குப் பதில் சொல்லாது. ‘மூத்தவன் வெச்சுக்கிடட்டும்’ என்பார்கள் சிலர். ‘கடைசிப் பயதான் அம்மையப் பாக்கான், அவனுக்குப் போகட்டும்’ என்பார்கள். திருவுளச் சீட்டுப் போட்டும் முடிப்பார்கள். எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்ட ஒரு வழி எனக்குப் பிடிக்கும்: மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவருக்கு எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாது, அதனால் வாய்க்கால் ஓரம், ரோட்டு முகப்பு, பள்ளம், மேடு எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் வைப்பார். இது உலகத்தில் பல இடங்களில் இருந்த வழி. பைபிளில் ஆபிரகாம் தன் சகோதரன் மகன் லோத்துவை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். இரண்டு பேருக்கு இது சுலபம். மூன்று பேருக்கு எப்படி என்பது 1940களில் போலந்துக் கணிதவியலாளர் ஹ்யூகோ ஸ்டைன்ஹவுஸ் எடுத்துக்கொண்ட கேள்வி. அதிலிருந்து ஒரு தனித்துறையே வளர்ந்திருக்கிறது. ஆக, பாகம் பிரிப்பதில் மூளையைச் செலவழிப்பது அற்பத்தனம் இல்லை.

கிணற்றுப் பங்கு இதைவிட அழகானது. பழைய பத்திரங்களில் ‘பொதுக் கிணற்றில் 8ல் 1 பங்கு’ என்று இருக்கும். கிணற்றை எட்டாக வெட்ட முடியாது. அதனால் இடத்தை விட்டுவிட்டு நேரத்தை வெட்டுகிறார்கள். எட்டு நாளில் ஒரு நாள் அவர் மோட்டார் போடலாம். அவர் இறந்து மூன்று பிள்ளைகள் வந்தால் 24ல் 1. பின்னத்தை முழு எண்ணால் வகுக்கும் கணக்கு அங்கே தண்ணீராக ஓடுகிறது. கோடையில் தண்ணீர் இறங்கி, போட்ட மோட்டார் ஒரு மணி நேரத்தில் காற்று இழுக்க ஆரம்பித்தால், 24ல் 1 என்பது காகிதத்தில் மட்டும் அதே எண்ணாக இருக்கும்.

4

வடிவியலுக்கு எங்கள் ஊரில் செலவில்லாத கருவி ஒன்று உண்டு. காலித் தீப்பெட்டியின் மேல்கூடு. உள்பெட்டியை உருவிவிட்டு, கூட்டின் திறந்த வாயைப் பார்த்தால் ஒரு செவ்வகம். இரண்டு விரலால் லேசாகச் சாய்த்து அழுத்துங்கள். நாலு பக்கங்களின் நீளமும் மாறவில்லை. ஆனால் வாய் ஒடுங்குகிறது. முழுக்க அழுத்தினால் பரப்பளவு சைபர். பக்கம் நாலும் அப்படியே இருக்க, உள்ளே இருந்த இடம் போயே போய்விட்டது.

பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. மனைக்கு இது விளையாட்டில்லை. வீட்டு மனைகளை அளக்கும்போது ஊரில் சகஜமாகச் செய்வது, வடபுறமும் தென்புறமும் கூட்டிப் பாதி, கீழ்புறமும் மேல்புறமும் கூட்டிப் பாதி, இரண்டையும் பெருக்கு என்பதுதான். மிகப் பழைய வழி. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவர்களில் நிலங்களை இப்படி அளந்த கணக்குகள் இருக்கின்றன. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இதைக் குறிப்பிட்டு, இது தோராயமான பரப்பு மட்டுமே என்று பிரித்துச் சொன்னார். செவ்வகத்துக்கு மட்டும் இது சரி, மற்ற எந்த நாற்கரத்துக்கும் கூடுதலாகவே காட்டும். 60 அடிக்கு 40 அடி என்றால் 2400 சதுர அடி. அதே பக்கங்களோடு மனை சாய்ந்திருந்து, உயரம் 36 அடிதான் என்றால் 2160. பத்திரத்தில் 2400 என்றே இருக்கும். 240 சதுர அடி, அரை சென்டுக்கும் மேலே, காற்றில் இருக்கிறது. இரண்டு பங்கும் ‘நாலு பக்கமும் ஒரே அளவு’ என்று சொல்லி, சாய்ந்த மனையை ஒருத்தியின் தலையில் கட்டினால், பொய் சொன்னதாக யாரையும் பிடிக்க முடியாது.

சர்வேயர்கள் நிலத்தை முக்கோணங்களாக வெட்டி அளப்பது இதனால்தான். மூன்று பக்கமும் தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பு தப்பிக்க வழியில்லை. அதைச் சாய்க்க முடியாது. தீப்பெட்டிக் கூட்டின் வாய்க்குள் குறுக்காக ஒரு குச்சியை வைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், அசையாது.

தசமத்திலும் இப்படி ஒரு சாய்வு உண்டு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 0.40.50 என்று பார்த்ததும் ‘நாப்பதரை சென்டு’ என்று படிப்பவர்கள் உண்டு. அது நாற்பதரை ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். அப்படியென்றால் அது முழுசாக ஓர் ஏக்கர். 0.45 பெரிதா 0.5 பெரிதா என்று கேட்டால், 45 பெரிசுதானே என்று 0.45ஐக் காட்டுகிற பிள்ளையின் குழப்பம்தான் இதுவும். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு மார்க் போகும். பத்திர ஆபீஸில் அறுபது சென்ட் போகும்.

5

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். 75 சென்ட் என்று விடை வந்த பிறகு என்ன நடக்கிறது? பெரும்பாலும், மகள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, பிரசவம் பார்த்தாச்சு. ‘எனக்கு என்னத்துக்கு, அண்ணன் பாத்துக்கிடும்.’ சட்டம் முப்பது வருஷம் போராடி 1/12ஐ 5/16 ஆக்கியது, ஒரு கையெழுத்து அதைச் சைபர் ஆக்குகிறது.

இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அவள் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. தன் மகளுக்குச் சடங்கு வைத்தால் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும். நாளைக்குப் புருஷன் வீட்டில் ஏதாவது என்றால் போய் இறங்க ஒரு வாசல் வேண்டும். மானாவாரிக் காடு 75 சென்ட் அவளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு தந்துவிடும்? தாய்வீட்டை 75 சென்டுக்கு விற்க அவள் தயாராக இல்லை. அது ஒரு பகுத்தறிவுள்ள முடிவாகவே இருக்கலாம். அண்ணன்காரனும் எப்போதும் வில்லன் இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவனாக இருப்பான்.

ஆனால் அந்தச் சம்பிரதாயமான பேச்சை உற்றுக் கேட்க வேண்டும். ‘சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு?’ என்று யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் கணக்கை ஏற்கெனவே போட்டு முடித்தவர்கள். நகை எத்தனை பவுன், கறிச்சாப்பாட்டுக்கு எவ்வளவு, மொய் எவ்வளவு என்று அவர்களிடம் நோட்டே இருக்கும். அவள் பக்கத்துக் கணக்கு மட்டும்தான் போடப்படாமல் இருக்கிறது. அவள் எத்தனை வருஷம் அந்தக் காட்டில் வேலை செய்தாள், பத்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் அண்ணனின் படிப்புக்கு எவ்வளவு கொடுத்தாள் என்பதற்கு நோட்டு இல்லை. ஆகவே வீட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு காலத்தில் கணக்குத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர். திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பாலும் பெண்பிள்ளைகளும் தலித் பிள்ளைகளும் போகவில்லை. கர்ணம் எழுதியதுதான் நிலம், அவர் சொன்னதுதான் அளவு. 1980இல் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைக் கர்ணம் பதவிகளை ஒழித்தார்கள். இன்றைக்கு அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிற எந்தப் பெண்பிள்ளைக்கும் 1/4 + 1/16 போடத் தெரியும். முந்திரிக் கணக்கு அறிந்த கணக்குப்பிள்ளைக்கு இருந்த அதிகாரம், ஒரு பென்சிலும் கால் மணி நேரமும் இருந்தால் இப்போது அவளுக்கும் உண்டு. அப்படி இருந்தும் ‘அதெல்லாம் ஆம்பிளைக பாத்துக்கிடுவாக’ என்று அவள் சொன்னால், கணக்கு தெரியாததால் சொல்லவில்லை. போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டதால் சொல்கிறாள்.

என் பதில் இதுதான். உறவுக்குள் கணக்குப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் விட்டுக்கொடுக்கலாம். வரிசை மாறக்கூடாது. எவ்வளவு என்று தெரியாமல் விட்டுக்கொடுத்ததை விட்டுக்கொடுத்தது என்றே சொல்ல முடியாது, அது வெறுமனே கைவிட்டுப் போனது. பெற்றுக்கொண்டவனுக்கும் தான் பெற்றது என்னவென்று தெரியாது, அதனால் அவனுக்கு நன்றியும் வராது. ‘தங்கச்சி கையெழுத்துப் போட்டா’ என்று அவன் சொல்வான். ‘தங்கச்சி எனக்கு 75 சென்ட் தந்தா’ என்று அவன் சொல்ல வேண்டுமானால், அந்த எண் ஒரு தடவையாவது இரண்டு பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பாசத்தைக் கணக்கு கெடுத்துவிடும் என்று பயப்படுகிறோம். ஓர் எண்ணைச் சொன்னாலே கெட்டுப்போகும் என்றால், அந்தப் பாசம் எதன் மேல் நின்றுகொண்டிருந்தது?

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம். எண்ணை ஒருமுறை சொல்லிவிட்டால் அது போகாது. தங்கச்சி மனசிலும் அண்ணன் மனசிலும் 75 என்று உட்கார்ந்துகொள்ளும், பிறகு வருகிற ஒவ்வொரு சீரையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உண்மைதான். கணக்கு ஒரு அப்பாவித்தனத்தை எடுத்துவிடுகிறது. ஆனால் அந்த அப்பாவித்தனம் இரண்டு பேருக்கும் சமமாக இருந்ததில்லை. அண்ணனுக்குத் தன் காடு எத்தனை சென்ட் என்று எப்போதும் தெரியும்.

பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது இப்போதெல்லாம் ஒரு சின்ன வேலை செய்கிறேன். கோடு போட்டதும் கீழே எண்ணை எழுதவிடுவதில்லை. முதலில் பெயர்களை எழுதச் சொல்கிறேன். வீட்டில் ஒரு பலாப்பழம் வெட்டுகிறோம் என்றால் யார் யாருக்கு என்று எழுது. அப்பா, அண்ணன், நான், தம்பி, தாத்தா என்று எழுதிக்கொண்டே போவார்கள். எழுதி முடித்து எண்ணி, 5 என்று போடப்போகும்போது ஏதாவது ஒரு பிள்ளை நிறுத்தும். ‘சார், அம்மைய விட்டுட்டேன்.’ அழித்துவிட்டு 6 என்று எழுதும். எல்லோருடைய துண்டும் கொஞ்சம் சிறியதாகும். அதற்குப் பிறகுதான் கணக்கைப் போட ஆரம்பிக்கிறோம்.